நர்சரி பில் போடுகிறது, கவுன்சில் கையை விரிக்கிறது: இலவச மணிநேரத்துக்கு யார் பொறுப்பு?

லண்டனில் இருக்கும் ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகளுக்கு மூன்று வயது முடிந்து வாரம் 15 மணி நேரம் அரசுச் செலவில் நர்சரிக்குப் போகிறாள். ஆனால் மாதாமாதம் "சாப்பாடு மற்றும் இதர பொருட்கள்" என்று ஒரு தொகையைக் கட்டியே ஆகவேண்டும், கட்டாவிட்டால் இடம் கிடையாது என்கிறார்களாம். கவுன்சிலுக்கு (உள்ளாட்சி நிர்வாகத்துக்கு) போன் செய்தால், "அது உங்களுக்கும் நர்சரிக்கும் நடுவில் உள்ள விஷயம்" என்று சொல்லிவிட்டார்கள். கணவர் வேலை விசாவில் இருக்கிறார், எதையாவது கேட்டு அது விசாவைப் பாதித்துவிடுமோ என்ற பயம் வேறு. கடைசியில் ஒரு வரி: வீட்டில் தமிழில் பேசுவதைக் குறைக்கச் சொல்லி நர்சரியில் ஒருவர் சொன்னாராம், அது சரியா என்று.

பணத்தைப் பற்றிய கேள்வி மாதிரி தெரிந்தாலும், அவர் உண்மையில் கேட்பது வேறு. இந்தப் 15 மணி நேரத்தைக் குழந்தைக்குக் கொடுக்கவேண்டிய கடமை யாருடையது? தவறு நடந்தால் யார் வாசலில் போய் நிற்பது? இதைத் தெளிவாக்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரிசைக்கு வந்துவிடும். நான் லண்டனில் ஒன்பது வருடம் நர்சரி நடத்துவதில் இருந்தேன், பிறகு ஒரு கவுன்சிலின் ஆரம்பக் கல்விப் பிரிவில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். நான் வழக்கறிஞர் இல்லை, உங்கள் பில்லையும் பார்க்கவில்லை. அப்புறம், இங்கே சொல்வது இங்கிலாந்துக்கு மட்டும்தான். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றுக்கும் திட்டமே வேறு.

சந்தேகமே இல்லாத விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். 2006ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்புச் சட்டம், 7ஆம் பிரிவு. தகுதியுள்ள குழந்தைகளுக்கு ஆரம்பக் கல்வி இலவசமாகக் கிடைக்கச் செய்யவேண்டிய கடமையை அது கவுன்சிலின் தலையில்தான் வைக்கிறது. நர்சரியின் தலையில் இல்லை. எந்தத் தனியார் நர்சரியையும், எந்தச் சைல்ட்மைண்டரையும் (தன் வீட்டிலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர்) இந்தத் திட்டத்தில் சேரச் சொல்லிச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. அவர்களாக விரும்பிக் கவுன்சிலுடன் ஒப்பந்தம் போடுகிறார்கள். போட்ட பிறகு, அந்த மணி நேரங்களைப் பொறுத்தவரை கவுன்சிலின் வேலையைத்தான் அவர்கள் செய்கிறார்கள், கவுன்சிலின் நிபந்தனைகளுக்கு உட்பட்டவர்கள் ஆகிறார்கள். அதனால் "உங்களுக்கும் நர்சரிக்கும் நடுவில் உள்ள விஷயம்" என்ற பதில் தவறு. கூடுதலாகக் காசு கொடுத்து வாங்கும் மணி நேரத்துக்கு அந்தப் பதில் பொருந்தும். இலவச மணி நேரத்துக்குப் பொருந்தாது.

ஊரில் ரேஷன் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். அரிசி அரசு கொடுப்பது, கடைக்காரர் அளந்து போடுகிறார். "டீத்தூளும் சோப்பும் வாங்கினால்தான் அரிசி" என்று கடையில் சொன்னால் நமக்கு உடனே கோபம் வரும், ஏனென்றால் அரிசி நம் உரிமை என்று தெரியும். டீத்தூள் விற்பது தப்பில்லை. அதை அரிசியோடு கட்டிப்போடுவதுதான் தப்பு. இங்கேயும் அதேதான்.

கவுன்சில்களுக்காக அரசு வெளியிட்டிருக்கும் வழிகாட்டியில் இது எழுத்தில் இருக்கிறது. சாப்பாடு, டயப்பர், சன் கிரீம் போன்ற பொருட்கள், வெளியே கூட்டிப் போவது மாதிரியான நடவடிக்கைகள், இலவச அளவுக்கு மேற்பட்ட மணி நேரம், இவற்றுக்கு நர்சரி காசு கேட்கலாம். ஆனால் அது பெற்றோர் விரும்பினால் கட்டுவதாக இருக்கவேண்டும், இலவச இடத்துக்கு நிபந்தனையாக இருக்கக்கூடாது. கட்ட முடியாத பெற்றோருக்கு வேறு வழி காட்டவேண்டும்: வீட்டிலிருந்து சாப்பாடு கட்டிக் கொடுத்தனுப்புவது, டயப்பரை நாமே கொடுப்பது மாதிரி. ஆக, "கட்டாவிட்டால் இடம் கிடையாது" என்று அவர்கள் உண்மையிலேயே சொல்லியிருந்தால் அது விதிக்கு எதிரானது. இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

பில்லில் ஒளிந்திருக்கும் இன்னும் சில விஷயங்களையும் பாருங்கள். முதலாவது, வித்தியாசத் தொகை. நர்சரியின் வழக்கமான கட்டணம் மணிக்கு 9 பவுண்டு, அரசுப் பணமாக அவர்களுக்கு வருவது 6 பவுண்டு என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மீதி 3 பவுண்டை உங்களிடம் வாங்கக்கூடாது. "பராமரிப்புக் கட்டணம்" என்று வேறு பெயர் வைத்தாலும் கூடாது. இரண்டாவது, பில் போடும் விதம். மாதக் கட்டணம் முழுவதையும் எழுதி, அதிலிருந்து "அரசுப் பணம்" என்று ஒரு தொகையைக் கழித்து மிச்சத்தைக் கேட்பார்கள். அப்படிக் கழித்தால் எந்த மணி நேரம் இலவசம், எதற்குக் காசு என்று யாராலும் சொல்ல முடியாது. இலவசம் என்பது மணி நேரக் கணக்கு, தள்ளுபடித் தொகை அல்ல. 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வழிகாட்டி இதை இறுக்கிப் பிடித்திருக்கிறது: இலவச மணி நேரம், கூடுதல் மணி நேரம், சாப்பாடு, மற்ற பொருட்கள், நடவடிக்கைகள் என்று பில்லில் தனித்தனியாகக் காட்டவேண்டும். மூன்றாவது, நடுவில் வெட்டுவது. காலை 9 முதல் 12 வரை இலவசம், 12 முதல் 1 வரை காசு, பிறகு 3 வரை மறுபடி இலவசம் என்று போடுவார்கள். மத்தியானம் ஒரு மணி நேரம் மூன்று வயதுக் குழந்தையை யார் வந்து கூட்டிப்போய்த் திரும்ப விடுவது? இப்படிச் செயற்கையாக இடைவெளி விழாமல் பார்த்துக்கொள்வது கவுன்சிலின் வேலை என்று வழிகாட்டி சொல்கிறது.

ஆனால் எல்லா வித்தியாசமும் ஏமாற்று இல்லை. பெற்றோர் அதிகம் குழம்புகிற இடம் ஒன்று உண்டு. வாரம் 15 மணி நேரம் என்பது பள்ளி நடக்கும் 38 வாரங்களுக்கான கணக்கு, வருடத்துக்கு மொத்தம் 570 மணி நேரம். வருடம் முழுவதும் திறந்திருக்கும் நர்சரி அதே 570ஐ 51 வாரத்துக்குப் பிரித்துக் கொடுத்தால், வாரத்துக்குப் 11 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடத்தான் வரும். நீங்கள் 15 மணி நேரம் அனுப்பினால் மீதி கிட்டத்தட்ட நான்கு மணி நேரத்துக்குப் பில் வரும், அது நியாயமான பில். முதலில் உங்கள் ஒப்பந்தத் தாளை எடுத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். எனக்கு வந்த புகார்களில் கணிசமானவை இந்த ஒரு கணக்கிலேயே தீர்ந்துபோயின.

எது உறுதியில்லை என்றும் சொல்லவேண்டும். பதிவுக் கட்டணம், டெபாசிட் இரண்டிலும் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். இலவச இடத்துக்கு நிபந்தனையாகத் திரும்பக் கிடைக்காத பதிவுக் கட்டணம் கேட்கக்கூடாது என்பது தெளிவு. திரும்பத் தருகிற டெபாசிட் வாங்கலாம். ஆனால் எவ்வளவு, எத்தனை நாளில் திருப்பித் தரவேண்டும் என்பது ஒவ்வொரு கவுன்சிலின் ஒப்பந்தத்திலும் ஒரு மாதிரி இருக்கும். இலவச மணி நேரத்தை எந்த நாளில், எந்த நேரத்தில் தருவது என்பதும் அப்படித்தான். காலை 6 மணிக்கு முன்னாலும் இரவு 8 மணிக்குப் பிறகும் கூடாது, ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கூடாது என்ற எல்லைகள் உண்டு. அதற்குள் செவ்வாய், புதன் மட்டும்தான் இடம் இருக்கிறது என்று நர்சரி சொன்னால் அதை மாற்றும் அதிகாரம் கவுன்சிலுக்கு இல்லை. இத்தனை இடம்தான் இலவசத்துக்கு ஒதுக்குவோம் என்று சொல்லவும் நர்சரிக்கு உரிமை உண்டு.

நர்சரி பக்கத்தையும் பேசாமல் விட்டால் பாதி உண்மைதான் சொன்னதாகும். அரசுப் பணம் கவுன்சில் வழியாக வருகிறது. வந்ததில் பெரும்பகுதியைக் கவுன்சில் நர்சரிகளுக்குக் கொடுத்தாக வேண்டும், முன்பு குறைந்தது 95 சதவீதம், ஏப்ரல் 2025இல் அது 96 ஆனது. மீதியில்தான் கவுன்சில் தன் வேலையைப் பார்க்கவேண்டும். நர்சரிக்கு வரும் விலை உள்ளூர் வாடகைக்கும் சம்பளத்துக்கும் ஒத்துவராத இடங்கள் நிறைய. ஆள் எண்ணிக்கையையும் குறைக்க முடியாது: இரண்டு வயதுக்குக் கீழே மூன்று குழந்தைக்கு ஒருவர், இரண்டு வயதில் ஐந்துக்கு ஒருவர், மூன்று வயதுக்கு மேல் எட்டுக்கு ஒருவர், ஆசிரியர் தகுதி பெற்றவர் கூடவே வேலை செய்தால் பதின்மூன்றுக்கு ஒருவர். நான் நர்சரியில் இருந்தபோது, கவுன்சிலிலிருந்து பணம் வருவது ஒரு முறை தள்ளிப்போய், என் சொந்தச் சேமிப்பை எடுத்துச் சம்பளம் கொடுத்தேன். அந்த மாதம் தூங்கின நாள் குறைவு. மாதாமாதம் பணம் கொடுக்கவேண்டும், எல்லாருக்கும் ஒரே மாதிரி ஒப்பந்தம் போடவேண்டும் என்றெல்லாம் கவுன்சிலுக்கும் கடமை இருக்கிறது. ஆனால் பணம் போதவில்லை என்பது நர்சரியும் அரசும் பேசித் தீர்க்கவேண்டிய விஷயம். அந்தப் பள்ளத்தை உங்கள் மகளின் சாப்பாட்டுக் கட்டணத்தை வைத்து நிரப்ப விதி இடம் தரவில்லை.

சரி, கவுன்சில் வேறென்ன செய்யவேண்டும்? வேலைக்குப் போகும் பெற்றோருக்குப் போதுமான இடம் தன் பகுதியில் இருக்கிறதா என்று பார்த்து, முடிந்தவரை ஏற்பாடு செய்யவேண்டும். அதைப் பற்றி ஒவ்வொரு வருடமும் கவுன்சில் உறுப்பினர்களுக்கு அறிக்கை கொடுத்து, பெற்றோர் பார்க்கும்படி வைக்கவேண்டும். உங்கள் கவுன்சிலின் இணையதளத்தில் தேடினால் கிடைக்கும். எந்த வட்டாரத்தில் இடம் குறைவு என்று அதிலேயே ஒப்புக்கொண்டிருப்பார்கள், கேள்வி கேட்க அது நல்ல பிடி. எந்த நர்சரியில் இடம் இருக்கிறது என்று பெற்றோருக்குத் தகவல் சொல்வதும் சட்டப்படியான கடமைதான், குடும்பத் தகவல் சேவை என்று தனிப் பிரிவே இருக்கும். விசேஷத் தேவை உள்ள குழந்தைகளுக்காக ஒரு தனி நிதியும் கவுன்சில் வைத்திருக்கவேண்டும். குழந்தைக்கு ஊனமுற்றோர் உதவித்தொகை கிடைக்கிறதென்றால், நர்சரிக்கு வருடத்துக்கு ஒரு முறை தனித் தொகை உண்டு. நர்சரிகள் இதைக் கேட்க மறந்துபோவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன், நீங்களே நினைவுபடுத்துங்கள்.

இப்போது விசா. இந்தப் பயத்தை நம் ஆட்கள் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன், ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் வாரத்துக்கு ஒருவராவது கேட்பார். மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கான 15 மணி நேரம் எல்லாக் குழந்தைக்கும் பொது. பெற்றோரின் விசாவுக்கும் வருமானத்துக்கும் அதில் பங்கு இல்லை. விசாவில் "பொது நிதி கிடையாது" (அரசு உதவித்தொகை மாதிரியானவற்றை வாங்கக்கூடாது) என்று இருந்தாலும், குடியேற்ற விதிகள் சொல்கிற பொது நிதிப் பட்டியலில் இந்தப் 15 மணி நேரம் இல்லை. அதை எடுப்பதாலோ, அதைப் பற்றிப் புகார் செய்வதாலோ விசா நிபந்தனையை மீறியதாக ஆகாது.

வேலைக்குப் போகும் பெற்றோருக்கான வாரம் 30 மணி நேர இலவசத் திட்டம் வேறு. 2025 செப்டம்பர் முதல் அது ஒன்பது மாதக் குழந்தையிலிருந்தே உண்டு. பெற்றோர் இருவரும் ஒவ்வொருவரும் வாரம் 16 மணி நேரத்துக்கான குறைந்தபட்சக் கூலியாவது சம்பாதிக்கவேண்டும், இருவரில் ஒருவருக்குக்கூட வருடம் 1,00,000 பவுண்டுக்கு மேல் போகக்கூடாது, இருவரில் ஒருவருக்காவது பொது நிதி பெறும் உரிமை இருக்கவேண்டும். இருவர் விசாவிலும் அந்தத் தடை இருந்தால் இது கிடைக்காது. யாரோ ஒரு நண்பர் "நாங்கள் வாங்கினோமே" என்று சொல்வதை நம்பி விண்ணப்பிக்காதீர்கள். ஆனால் வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருந்தால் இன்னொரு வழி உண்டு, பலருக்குத் தெரியாது. பொது நிதித் தடை உள்ள குடும்பத்துக்கும், வருமானம் குறைவாக இருந்தால், இரண்டு வயதிலேயே 15 மணி நேரம் கிடைக்கும். லண்டனில் ஒரு குழந்தை உள்ள குடும்பத்துக்கு வரி போக வருடம் 34,500 பவுண்டு, இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் 38,600, சேமிப்பு 16,000க்கு மேல் போகக்கூடாது. இந்தத் தொகைகள் மாறக்கூடியவை. விண்ணப்பம் கவுன்சிலிடமே போகும், அப்போது நடப்பில் உள்ள தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் செய்யவேண்டியதைச் சொல்கிறேன். நர்சரி மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். "என் மகளின் இலவச மணி நேரம் எந்த நாள், எந்த நேரம்? மீதித் தொகை எதற்கு? அதைக் கட்டாமல் வீட்டுச் சாப்பாடு கொடுத்தனுப்ப விரும்புகிறேன், என்ன ஏற்பாடு?" இந்த மூன்று கேள்வி போதும். குற்றம் சாட்டும் தொனி வேண்டாம், அங்கேதான் குழந்தை தினமும் போகவேண்டும். எழுத்தில் கேட்டவுடனே பல நர்சரிகள் இறங்கி வந்துவிடும், விதி அவர்களுக்கும் தெரியும். பதில் சரியில்லையென்றால் அந்த மின்னஞ்சல்களை இணைத்துக் கவுன்சிலின் ஆரம்பக் கல்விப் பிரிவுக்கு எழுதுங்கள். பொது உதவி எண்ணில் போன் எடுப்பவருக்கு இந்த விதிகள் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு, உங்களுக்குக் கிடைத்த பதில் அங்கிருந்துதான் வந்திருக்கும் என்று தோன்றுகிறது. "இது முறையான புகார்" என்று தலைப்பிலேயே எழுதுங்கள். அந்தச் சொற்கள் இல்லாவிட்டால் அது சும்மா ஒரு விசாரிப்பாகப் பதிவாகி நின்றுவிடும். கவுன்சில் இறுதிப் பதில் கொடுத்தும் திருப்தி இல்லையென்றால், கவுன்சில்கள் மீதான புகார்களை விசாரிக்கும் உள்ளாட்சி மற்றும் சமூகப் பராமரிப்பு ஆம்புட்ஸ்மனிடம் போகலாம், கட்டணம் கிடையாது. பிரச்சினை தெரியவந்து 12 மாதத்துக்குள் போவது நல்லது. இலவச மணி நேரத்தில் நர்சரி செய்த தவறுக்குக் கவுன்சிலைப் பொறுப்பாக்கும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. கட்டிய பணம் முழுவதும் திரும்ப வரும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். அது நீங்கள் எதில் கையெழுத்துப் போட்டீர்கள், பில் எப்படி இருந்தது என்பதைப் பொறுத்தது.

ஒன்றைக் கலந்துவிடாதீர்கள். நர்சரிகளைச் சோதனை செய்யும் அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெட் கட்டணத் தகராறில் தலையிடாது. குழந்தையின் பாதுகாப்பு, ஆள் பற்றாக்குறை, கவனக்குறைவு என்றால் அங்கே போங்கள், காசு விஷயத்துக்குக் கவுன்சிலிடம் போங்கள். பாதுகாப்பு, பராமரிப்பு விதிகளைப் பற்றி நர்சரிக்கே எழுத்தில் புகார் கொடுத்தால், விசாரித்து 28 நாளுக்குள் முடிவைச் சொல்லவேண்டியது அவர்கள் கடமை.

கடைசியாக, தமிழ். நர்சரிகள் எல்லாம் பின்பற்றவேண்டிய ஆரம்பக் கல்விக்கான சட்டக் கட்டமைப்பில், வீட்டு மொழி வேறாக உள்ள குழந்தைக்கு அந்த மொழியை விளையாட்டிலும் கற்றலிலும் பயன்படுத்த வாய்ப்புத் தர நர்சரி நியாயமான முயற்சி எடுக்கவேண்டும் என்றே இருக்கிறது. பள்ளியில் முதல் வகுப்புக்கு முன்னால் ஆங்கிலத்திலும் நல்ல தேர்ச்சிக்கு வாய்ப்புத் தரவேண்டும், அது நர்சரியின் வேலை. உங்கள் வீட்டுப் பேச்சைக் குறைக்கச் சொல்ல அதில் எதுவும் இல்லை. சொன்னவர் நல்லெண்ணத்தில் சொல்லியிருப்பார், ஆனால் அது தவறான அறிவுரை. ஒவ்வொரு குழந்தைக்கும் நர்சரியில் பொறுப்பாக ஒருவர் இருக்கவேண்டும் என்பது விதி. உங்கள் மகளுக்கு யார் என்று கேட்டு, அவரிடம் ஒரு தாளில் பத்துச் சொல் எழுதிக் கொடுங்கள்: தண்ணி, பசிக்குது, வலிக்குது, ஒண்ணுக்கு, அம்மா வருவாங்க. ஆங்கில எழுத்தில், உச்சரிப்போடு. என் நர்சரியில் சேர்ந்த முதல் வாரம் முழுக்க அழுத ஒரு பையன், "அம்மா வருவாங்க" என்று எங்கள் போலந்துக்கார ஊழியர் ஒருவர் தட்டுத்தடுமாறிச் சொன்ன அன்றைக்குத்தான் அழுகையை நிறுத்தினான்.